அடைக்கலமும் போர்க்களமும்
(பத்தாமாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று பணித்த நண்பர்கள், பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எனக்கே தந்தனர். தஞ்சையில் நின்று பேசுகிறவன் பெரிய கோயிலைப் பற்றியோ, சரசுவதி மகாலைப் பற்றியோ பேசலாம். அவற்றைப் பற்றி இவ்வட்டத்தில் என்னிலும் நன்கு அறிந்தோர் பலர் பேசியிருக்கிறார்கள். நான் உங்களைக் கொள்ளிடத்தின் அக்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். திருவையாற்றைக் கடந்து, வயல்களின் ஊடே வடக்கே சென்று, பாலத்தின் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் திருமானூரை அடைந்தால் அதற்கு அணித்தே ஏலாக்குறிச்சி இருக்கிறது. இன்று அது அரியலூர் மாவட்டத்து ஊர். தமிழ் இலக்கியம் கற்றோர் அவ்வூரை வேறொரு பெயரால் அறிவர். அப்பெயர் திருக்காவலூர். பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர்.

கொலை வாளுக்கு மிக அருகே சென்று மீண்ட ஒருவர், அதன் பின்னர்த் தம் வாழ்வையும் எழுத்தையும் என்ன செய்தார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சமயத்தார்க்கு இது மறைப்பணியின் கதை. கவிஞர்களாகிய நமக்கு இது மொழியின் கதையும் ஆகும்.

முதலில் அவருக்கு முந்திய ஒருவரை நினைவுகூர வேண்டும். 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் டி பிரிட்டோவைத் தமிழ் மக்கள் அருளானந்தர் என்று அழைத்தனர். இயேசு சபையின் மதுரை மிஷனைச் சேர்ந்த அவர், செஞ்சிச் சீமையிலும் தஞ்சைச் சீமையிலும் காவியுடுத்துப் பணியாற்றியவர். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். மரணத் தண்டனையும் கூறப்பட்டது. எனினும் கிழவன் சேதுபதி அவரை அழைத்து விசாரித்து, இனி இந்நாட்டில் சமயம் போதிக்கலாகாது என்னும் கட்டளையோடு விடுவித்தார். அருளானந்தர் ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1690இல் இந்தியாவுக்கு மீண்டார். விலக்கப்பட்ட அதே மறவர் சீமைக்குள் புகுந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தப்பியவர் திரும்பிச் சென்று உயிர்துறந்தார் என்பது ஒரு முடிவு. அதில் ஒரு காப்பியத் தன்மை உண்டு. நம் புறப்பாடல்களில் ஊறியவர்களுக்கு அது எளிதில் விளங்கும். விழுப்புண் பட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் எழுப்பிய மரபல்லவா நம்முடையது? ஆனால் உயிர்தப்பி, மீண்டும் வாளின் முன் செல்லாமல், நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கு எந்த மரபில் கல் நடுகிறோம்? இவ்வினாவோடு நாம் இரண்டாமவரிடம் வருவோம்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டின் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறி, கோவா வழியாக அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். அருளானந்தர் மாண்டு அப்பொழுது பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தச் செய்தியை அறியாமல் மதுரை மிஷனுக்கு வந்த குரு எவரும் இருந்திருக்க இயலாது. வந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள், 1714-15இல், திருநெல்வேலிச் சீமையின் குருக்கள்பட்டியில் பெஸ்கி பிடிக்கப்பட்டார். மரணத் தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேறும் முன் தப்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அன்பர்களே, இவ்விடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஓரியூரைப் போல மற்றொரு தலம் எழுந்திருக்கும். தேம்பாவணி எழுந்திராது. சதுரகராதி இராது. தொன்னூல் விளக்கம் இராது. பரமார்த்த குருவும் அவருடைய மடச் சீடர்களும் நம் குழந்தைகளைச் சிரிக்க வைத்திருக்க மாட்டார்கள். அவருடைய பெருநூல்கள் யாவும் அந்நாளுக்குப் பின்னே பிறந்தவை. தேம்பாவணி 1726, வேதியர் ஒழுக்கம் 1727, தொன்னூல் விளக்கம் 1730, சதுரகராதி 1732 என அடுக்கடுக்காக வந்தன. 1747இல் சேரநாட்டு அம்பழக்காட்டில் அவர் மறைந்தார். தண்டனை கூறப்பட்ட பின் அவருக்குக் கிட்டியவை முப்பத்திரண்டு ஆண்டுகள். அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளே நாம் அறிந்த வீரமாமுனிவர்.

அவருடைய பெயரையும் கருதிப் பாருங்கள். கான்ஸ்டன்டைன் என்னும் பெயர் நிலையுறுதியைக் குறிப்பது. அதனைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வழங்கினர். அவ்வடசொல் மாறி வீரமாமுனிவர் ஆயிற்று. வீரமும் முனிவும் சேர்ந்த பெயர் அது. இவருடைய வீரம் எந்தக் களத்தில் யாரை எதிர்த்து நின்றது என்று நாம் கேட்டாக வேண்டும்.

கிறித்தவ மரபில் ஆன்மிகப் போர் என்றொரு கருத்து உண்டு. எபேசியர்க்குப் பவுல் எழுதிய மடலின் இறுதியில் அது விரித்துரைக்கப்படுகிறது. கச்சை, மார்புக்கவசம், கேடயம், தலைச்சீரா, வாள் என்று ஒரு போர்வீரனின் படைக்கலங்களை எல்லாம் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வாய்மை, நீதி, நம்பிக்கை என்று உட்பொருள் கூறுகிறார் பவுல். அங்கே அவர் இடும் நிபந்தனை ஒன்று முதன்மையானது. போர் மனிதரோடு அன்று என்பதே அந்த நிபந்தனை. தீமையின் ஆற்றல்களோடு போராடலாம். எதிரே நிற்கும் மனிதனை அத்தீமையென்று எண்ணிவிடலாகாது.

சொல்வதற்கு எளிது. கழுத்தில் வாள் வைத்தவனைப் பார்த்து, என் பகை நீ அல்லை என்று நினைப்பது எத்துணை அரிது! ஆன்மிகப் போர் என்னும் சொல்லில் ஒரு பேரிடரும் உறைந்திருக்கிறது. பகைவன் கண்ணுக்குப் புலனாகாதவன் என்று தொடங்குகிறோம். சில காலத்தில் அண்டை வீட்டானின் முகம் அப்பகைவனுக்கு வந்துவிடுகிறது. எல்லாச் சமயத்தார்க்கும் நேர்ந்த விபத்து இது. ஆகவே தப்பிய ஒருவரின் நம்பிக்கையை மதிப்பிட எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அவர் தம் பகைவனை எங்கே வைத்தார்? இதற்கு விடை தேட, அவர் எழுதிய காப்பியத்தைவிட நல்ல சான்று நமக்கு இல்லை.

தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் யூதேய நாடு நம் மருத நிலத்தின் சாயலைக் கொண்டது என்று நம் பேராசிரியர்கள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். நாட்டுவளம் பாடும் அப்பகுதியைக் கழனிகளுக்கு நடுவே வளர்ந்த நாம் படிக்கும்போது வேற்றுநாட்டுக் கதை என்னும் எண்ணமே எழுவதில்லை. நான் சுட்ட விழைவது காப்பியத் தலைவனை.

பெருங்காப்பியத்திற்குத் தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்திருக்கிறது. ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும். ஆலோசனை, தூது, படைச்செலவு, போர், வெற்றி ஆகியவை வர வேண்டும். இவ்விலக்கணத்தை நன்கறிந்த முனிவர், மோசேயையோ தாவீதையோ தலைவனாகக் கொண்டிருக்கலாம். போருக்கும் வெற்றிக்கும் அவர்கள் வாழ்வில் குறைவில்லை. அவர் தேர்ந்ததோ வளன் என்று தாம் அழைத்த சூசையை. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத தச்சன் அவன். அவன் செய்த அருஞ்செயல் யாது? ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் அறிந்ததும், இரவோடு இரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பிச் சென்றதே அது.

ஒரு பெருங்காப்பியத்தின் தலைவன் தப்பி ஓடுகிறான்! வாளெடுத்து எதிர்நின்றான் இல்லை. அரண்மனைமேல் படை நடத்தினான் இல்லை. தண்டி சொன்ன தூது இங்கே வானவன் கனவில் கொணர்ந்த செய்தி. தண்டி சொன்ன செலவு இங்கே ஓர் ஏழைக் குடும்பம் இருளில் நடந்த வழி. யோசுவா, கிதியோன் முதலியோரின் போர்கள் காப்பியத்துக்குள் வருகின்றன. ஆயினும் அவை கிளைக்கதைகளாகவே வருகின்றன. முதற்கதையில் வளனின் கையில் ஆயுதம் இல்லை. இறுதியில் அவனுக்கே முடி சூட்டி முடிக்கிறார் புலவர்.

இக்கதைக்கு முனிவர் பெரிதும் பின்பற்றியது ஆகிர்தா மரியாள் என்னும் ஸ்பானியத் துறவி எழுதிய நூல் என்பர். அது மெய்யே. ஆனால் எடுத்தாள நூல்கள் பல இருந்தும் ஒருவர் ஒன்றைத் தேர்வதற்கு அவருடைய வாழ்வும் காரணமாதல் கூடும். குருக்கள்பட்டியில் உயிர்தப்பிய ஒருவர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தப்புதலையே தலைமைச் செயலாகக் கொண்ட காப்பியத்தைப் பாடினார். இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது என் துணிபு, மறுப்போர் மறுக்கலாம். உயிர் பிழைத்தல் கோழைமையன்று, காக்க வேண்டிய ஒன்று கையில் இருக்குமானால் அதுவும் வீரமே என்று அக்காப்பியம் எனக்குச் சொல்கிறது.

இனி ஏலாக்குறிச்சிக்கு வருவோம். தஞ்சை அரசின் எல்லைக்கு வெளியே, அரியலூர்ப் பாளையத்தில் அமைந்த ஊர் அது. 1701இல் சாகசி மன்னர் காலத்தில் தஞ்சை நாட்டுக் கிறித்தவர்கள் கடுந்துன்பத்திற்கு உள்ளாயினர். இன்னல் நேர்ந்தபோதெல்லாம் மக்கள் கொள்ளிடத்தைக் கடந்து ஏலாக்குறிச்சியில் புகலடைந்தனர் என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி. ஆற்றுக்கு இப்புறம் அச்சம், அப்புறம் உயிர். அங்கே மரியன்னைக்கு எழுந்த ஆலயத்தில் அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர். அவ்வூர்மேல் முனிவர் கலம்பகம் பாடினார். அடைக்கல நாயகிமேல் வெண்கலிப்பா பாடினார். வெற்றியன்னை என்றோ, பகைவென்ற நாயகி என்றோ அவர் பெயரிட்டிருக்கலாம். அவர் நாவில் எழுந்தவை அடைக்கலம், காவல் என்னும் இரு சொற்கள்.

அடைக்கலம் என்பது நம் காப்பிய மரபில் எத்துணைக் கனமான சொல் என்பதை இவ்வவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை இருக்கிறது. புகார் நகர் நீங்கிய கோவலன் கண்ணகியருக்குக் காவிரிக் கரையில் வழித்துணையான கவுந்தியடிகள், மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். அடைக்கலம் கொடுத்தவர் சமணத் துறவி, ஏற்றவள் ஆயர்மகள். பின்னர் அந்த அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனதற்காக மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். அடைக்கலம் என்று ஒரு சொல் சொன்னால் அதற்கு உயிரையே ஈடு வைக்க வேண்டும் என்பது தமிழறம். தமிழ் நூல்களில் தோய்ந்த முனிவர் அச்சொல்லைத் தம் அன்னைக்குச் சூட்டியபோது, இக்கனம் முழுவதையும் சேர்த்தே சூட்டினார் என்று கொள்வது தவறாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்மைக் கொல்லவிருந்த நாட்டின் மொழியில் அவர் உழைத்த உழைப்பு. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வகையாகச் சொற்களைத் தொகுத்தார். ஐந்திலக்கணத்தையும் ஒரு நூலில் அடக்கினார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணால் பிரித்தறியும்படி வரிவடிவைத் திருத்தினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பொருட்பாலில் உட்பகை என்றோர் அதிகாரம் உண்டு. வெளிப்பகையினும் உட்பகையை அஞ்சுக என்பது வள்ளுவர் கருத்து. பவுல் சொன்னதையும் வள்ளுவர் சொன்னதையும் ஒருங்கே கற்ற அவருக்குப் போர்க்களம் எது என்பதில் ஐயம் இருந்திருக்க முடியாது.

புகழுரையோடு நான் நிறுத்திவிட்டால் இவ்வவைக்கு நேர்மை செய்தவன் ஆகேன். பகைவனை எங்கே வைத்தார் என்னும் அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டோம். அது அவர் எழுத்து அனைத்தையும் அளக்க வேண்டும். நம் முன்னோர் வணங்கிய தெய்வங்களைப் பேய்களின் மாயம் என்று எழுதும் வழக்கம் அக்கால மறைப்பணியாளரிடம் இருந்தது. முனிவர் அதற்கு விலக்கானவர் அல்லர். அன்றியும், தம்மைப் போலவே இயேசுவை வணங்கியவர்களிடத்தும் அவர் கடுமை காட்டினார். 1706இல் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வந்தார். லூத்தர் வழியினரான அவரும் துன்பம் அறியாதவர் அல்லர். அவ்வூர் டேனிய ஆளுநரால் நான்கு திங்கள் சிறையிலிடப்பட்டவர். பெஸ்கிக்கு மரணத் தண்டனை கூறப்பட்ட அதே காலத்தில்தான் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிக்கொண்டிருந்தது. இருவரும் இந்நாட்டில் அன்னியர். இருவரும் தமிழைக் காதலித்தவர்கள். ஆயினும் முனிவர் 1728இல் வேதவிளக்கம் எழுதித் தரங்கம்பாடியினரை மறுத்தார். மறுப்பில் சூடு மிகுதி. குருக்கள்பட்டியில் வாளேந்தியவன்மேல் காட்டாத சினத்தை, ஏட்டில் எழுதுகோல் ஏந்தியவர்மேல் காட்டினார் என்று சொல்லத் தோன்றுகிறது. உட்பகை என்பது தன் இனத்தாரைக் குறிப்பதாக மாறிவிட்டது.

வரலாறு இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தது. அவர் சாடிய அதே தரங்கம்பாடி வழியில் 1750இல் தமிழகம் வந்தவர் சுவார்ட்சு ஐயர். 1778இல் தஞ்சையையே தம் இருப்பிடமாகக் கொண்டார். 1780ஐ அடுத்த ஆண்டுகளில் ஐதர் அலியின் படைகள் நம் நெல்வயல்களைப் பாழாக்கின. கோட்டைக்குள் பசி. நெல் வெளியே இருந்தது. கொண்டுவர மாடுகள் இல்லை. விலை கிடைக்கும் என்று அரசு சொன்னதை நம்ப உழவர்கள் ஆயத்தமாக இல்லை, முன்பு ஏமாற்றப்பட்டிருந்ததால். சுவார்ட்சு தம் பெயரைப் பிணையாக வைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. வேத விவாதங்களில் யார் வென்றார் என்பதை இன்று நாம் நினைப்பதில்லை. ஒரு மனிதனின் வாக்கை நம்பி உழவன் மாட்டை அவிழ்த்துத் தந்தான் என்பது நினைவில் நிற்கிறது. சிவகங்கைக் கோட்டை தேவாலயத்தில் சரபோசி மன்னர் நிறுவிய பளிங்குச் சிற்பத்தில், மரணப்படுக்கையில் கிடக்கும் சுவார்ட்சின் கையை மன்னர் பற்றி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். திருக்காவலூர் அடைக்கலத்தின் மற்றொரு வடிவத்தையே நான் அதில் காண்கிறேன்.

இவை பழங்கதைகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை எழுந்தது. தமிழகம் மகிழ்ந்தது. அதே ஆண்டின் இறுதியில், டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் உயிருக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த குடிசை அது. ஏரோதுக்குத் தப்பிய குழந்தையின் பிறப்பைக் கொண்டாடும் இரவில், நம் நெல்வயல்களின் நடுவே, தப்ப இயலாத குழந்தைகள் மாண்டார்கள். அடைக்கலம் என்னும் சொல்லைப் பெற்ற மண்ணிலேயே அச்சொல் எரிந்தது.

எனவே தப்பியவர்களைப் பற்றிப் பேசும்போது தப்பாதவர்களை மறக்கும் உரிமை நமக்கு இல்லை. முனிவரும் மறந்தாரில்லை. மறைசாட்சியாக உயிர்நீத்த கித்தேரி அம்மாளின் கதையை அவர் அம்மானையாகப் பாடினார். புலவர்க்கே உரிய காப்பிய நடையை விடுத்து, எளிய மக்கள் வாயில் வழங்கும் வடிவத்தில் அதைத் தந்தார். தாம் பிழைத்தார், பிழைக்காத ஒருத்தியைப் பாட்டில் வாழவைத்தார். உயிர்தப்பியவர் பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடன் அது என்று நான் நினைக்கிறேன்.

கவிஞர் பெருமக்களே, இவ்வட்டத்தில் பல சமயத்தாரும் சமயம் ஏலாதவரும் ஒரே பாயில் அமர்ந்து பத்தாண்டுகள் கவிதை கேட்டிருக்கிறோம். சண்டையிட்டும் இருக்கிறோம். சில கூட்டங்களில் சொற்கள் வாளாயின. வந்த அன்பர் சிலர் பின்னர் வாராது போயினர். என் சொல்லாலும் சிலர் நொந்திருக்கக் கூடும். அவர்களிடம் இவ்வவையில் மன்னிப்புக் கோருகிறேன். முனிவரின் வாழ்வை அளக்க எடுத்த கோல் நம்மையும் அளக்கும். நம் கவிதையில் பகைவன் எங்கே இருக்கிறான்? ஒரு கொடுமையைச் சாடும்போது மனிதனை விட்டு அக்கொடுமையைத் தனியே பிரித்தெடுக்கும் கூர்மை நம் சொல்லுக்கு உண்டா? அஞ்சி ஓடிவருகிற ஒருவன் நுழைவதற்கு நம் பாட்டில் ஒரு வாயில் திறந்திருக்கிறதா?

அடுத்த முறை கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நீர் வற்றிய நாளில் அது வெறும் மணற்பரப்பு. ஆயினும் ஒரு காலத்தில், அந்த மணலைக் கடந்துவிட்டால் உயிர் மிஞ்சும் என்று நம்பிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அக்கரையில் அவர்களுக்காக ஒருவர் காத்திருந்து, அவ்வூருக்குத் தமிழில் நல்ல பெயர் ஒன்றையும் சூட்டினார். நம் வட்டம் அடுத்த பத்தாண்டுகளில் எத்தனை நூல் வெளியிடும் என்று எனக்குத் தெரியாது. திருக்காவலூர் என்னும் பெயருக்குத் தகுதியான ஓர் இடமாக அது இருக்குமானால் எனக்கு அது போதும்.